ஏட்டுத் தமிழும் வீட்டுத் தமிழும்
தனிநாயக அடிகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்த கதை

அவர் ரோமாபுரியில் படித்தவர். டாக்டர் பட்டம் பெற்றவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர். அப்படிப்பட்டவர் தம் 32-வது வயதில் மறுபடியும் மாணவராகி வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

எந்த மொழியைப் படிக்க? தம் தாய்மொழியான தமிழைப் படிக்க!

அவர்தான் தனிநாயக அடிகள். உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்டவர். தமிழின் பெருமையைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டு சென்றவர்.

தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, தமிழ் மண்ணில் வளர்ந்தவர் எதற்காகத் தமிழ் வகுப்புக்குப் போக வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில்தான் அவருடைய வாழ்க்கை.

பாதி பாதி

சென்னையில் இருந்து பெங்களூர் செல்லும் பெரிய சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் தண்டலம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே என்ஜினீயரிங் கல்லூரிகள் உள்ளன. அக்கம்பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். ஒடிசா, பீகார் மாநிலங்களில் இருந்து பிழைக்க வந்த தொழிலாளிகளும், கொரியா, ஜப்பான் நாடுகளில் இருந்து வந்த என்ஜினீயர்களும் அந்த வட்டாரத்தில் வேலை செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு வகையான மனிதர்களைப் பார்க்கலாம்.

ஒருவர் கல்லூரி மாணவர். சின்ன வயதில் இருந்து ஆங்கிலம் படித்தவர். இலக்கணப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவர். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் போதும், அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இன்னொருவர் வடக்கே இருந்து வந்த தொழிலாளி. டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். பேரம் பேசுவார். வேடிக்கையும் பேசுவார். ஆனால் பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பலகையைப் பார்த்துப் படிக்க அவரால் முடியாது.

முதலாமவரிடம் ஏடு இருக்கிறது, பேச்சு இல்லை. இரண்டாமவரிடம் பேச்சு இருக்கிறது, ஏடு இல்லை. இருவருக்குமே மொழி பாதிதான் கிடைத்திருக்கிறது.

இந்த இரண்டு பாதிகளையும் ஒன்று சேர்த்தவர் தனிநாயக அடிகள். அவர் வரலாறு இன்றைக்கும் பயன்படுவது அதனால்தான்.

தீவில் பிறந்த பிள்ளை

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்தை ஒட்டிச் சில தீவுகள் இருக்கின்றன. அங்கே ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கரம்பொன் என்று ஒரு சிற்றூர். அந்த ஊரில் 1913-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ்.

வீட்டிலும் ஊரிலும் பேசியது யாழ்ப்பாணத் தமிழ். ஆனால் பள்ளிக்கூடத்துப் படிப்போ ஆங்கிலப் படிப்பு. ஊர்காவற்றுறை அந்தோனியார் கல்லூரியிலும், பிறகு யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார்.

அந்தக் காலத்தில் ஆங்கிலம் படித்தவனுக்குத்தான் உத்தியோகம். ஆங்கிலம் படித்தவனுக்குத்தான் மதிப்பு. இலங்கையிலும் அப்படித்தான். தமிழ்நாட்டிலும் அப்படித்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் காவியம் படித்தார்கள். தாய்மொழியோ சமையற்கட்டோடும் சந்தைக்கடையோடும் நின்றது.

இந்தப் பிள்ளைக்கும் அதே கதிதான். தமிழ் வாயில் இருந்தது; ஏட்டில் இல்லை.

சேவியருக்குத் துறவு வாழ்க்கையில் நாட்டம் உண்டாயிற்று. கொழும்பில் உள்ள குருமடத்தில் சேர்ந்து தத்துவம் படித்தார். 1934-ல் மேற்படிப்புக்காக ரோமாபுரிக்குக் கப்பல் ஏறினார்.

ரோமாபுரியில் கிடைத்த பாடம்

ரோமாபுரியில் அவர் படித்தது உர்பன் பல்கலைக்கழகம். ஆசியா, ஆப்பிரிக்கா முதலிய கண்டங்களில் இருந்து குருத்துவப் படிப்புக்கு வரும் மாணவர்களுக்காக ஏற்பட்டது அது.

அங்கே ஒரு விசித்திரம். அன்றைக்கு வகுப்பில் பாடம் நடத்தியது லத்தீன் மொழியில். ஆனால் லத்தீன், தெருவில் எவரும் பேசாத மொழி. வாசலைத் தாண்டினால் எங்கும் இத்தாலிய மொழி. ரொட்டிக்கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் அதுதான் தெரியும். விடுதிக்குத் திரும்பினாலோ பல தேசத்து மாணவர்கள், பல தேசத்துப் பாஷைகள்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒன்று லத்தீன் கற்றுக் கொடுத்த வகுப்பறை. மற்றொன்று இத்தாலியம் கற்றுக் கொடுத்த தெரு.

லத்தீன் ஒரு தாய் மாதிரி. இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கீசியம் எல்லாம் அதன் பெண்கள் மாதிரி. தாயின் இலக்கணம் பிடிபட்டால் பெண்களின் ஜாடையைக் கண்டுகொள்வது சுலபம். ஆனால் ஜாடை தெரிந்தால் மட்டும் போதாது. அவர்களோடு பேசிப் பழகவும் வேண்டும். அடிகளார் பழகினார். பின்னாளில் இந்த நான்கு மொழிகளும் ஜெர்மன் மொழியும் அவருக்குக் கைவந்தன.

1938-ம் ஆண்டு அவர் குருப்பட்டம் பெற்றார். அடுத்து டாக்டர் பட்டமும் பெற்றார்.

இவ்வளவு மொழிகளுக்கு நடுவே தமிழை அவர் மறந்துவிடவில்லை. ரோமாபுரியில் படித்த தமிழ் மாணவர்களைக் கூட்டி, வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகம் அமைத்தார். வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்று, தேம்பாவணி பாடியவர். இத்தாலியர் ஒருவர் தமிழில் காவியம் செய்திருக்கிறார். அவர் பிறந்த நாட்டிலேயே தமிழர்கள் தமிழ் அறியாமல் இருக்கலாமா?

வடக்கன்குளத்தில் புது மாணவர்

ரோமாபுரியில் இருந்து திரும்பியவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணிக்கு வந்தார். 1940-ல் வடக்கன்குளம் தெரசாள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் உள்ளது வடக்கன்குளம்.

அங்கே அவருடைய குறை அவருக்கே பளிச்சென்று தெரிந்தது. ஊரெங்கும் தமிழ். கோயிலில் பிரசங்கம் தமிழில். பள்ளியில் பிள்ளைகள் பேசுவது தமிழில். ஆனால் லத்தீன் இலக்கியம் படித்த அளவுக்குத் தமிழ் இலக்கியத்தை அவர் படித்ததில்லை. தமிழ் மக்களுக்கு வழிகாட்ட வந்தவர், தமிழரின் ஏட்டையே அறியாமல் இருந்தால் எப்படி?

வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை அவர். வடக்கன்குளத்தில் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற தமிழ்ப் பண்டிதர் இருந்தார். கத்தோலிக்கக் குருவானவர் அந்தப் பண்டிதரிடம் மாணவராகச் சேர்ந்தார். சாதியும் குறுக்கே நிற்கவில்லை. சமயமும் குறுக்கே நிற்கவில்லை.

பண்டிதரிடம் பாடம் கேட்பது பழைய முறை. அங்கே மணி அடிப்பது இல்லை. பட்டம் கொடுப்பதும் இல்லை. செய்யுளை உரக்கப் படிக்க வேண்டும். ஓசை தவறினால் ஆசிரியர் திருத்துவார். சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கேட்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் பதிய வைக்க வேண்டும். காதும் நாக்கும் பழகுகிற படிப்பு அது.

ஊரும் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் பேசுவதைக் கதைப்பது என்பார்கள். ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள். திருநெல்வேலியில் வந்தார்கள் என்பதை வந்தாக என்பார்கள். ஒரே மொழிதான். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சுவை. இந்தப் பக்கம் ஒரு சுவை. இரண்டையும் அறிந்தவருக்குத் தமிழின் அகலம் தெரியும்.

சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்ற பெயரோடு வந்தவர், தனிநாயகம் என்ற தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொண்டார். அந்தப் பெயர்தான் பிறகு உலகம் அறிந்த பெயர் ஆயிற்று.

அண்ணாமலையில் அடிகளார்

பண்டிதரிடம் படித்தது ஆசையைத் தூண்டியது. ஆனால் அது மட்டும் போதாது என்று அடிகளார் கண்டார்.

செய்யுளைச் சுவைக்கப் பண்டிதர் போதும். அந்தச் செய்யுள் எந்தக் காலத்தது, எந்தச் சொல் பழையது, எது பின்னால் வந்தது, வேறு நாட்டு இலக்கியத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எங்கே நிற்கிறது? இவற்றை ஆராய்வதற்குப் பல்கலைக்கழகம் வேண்டும். நூல்நிலையம் வேண்டும். குறுக்குக் கேள்வி போடும் பேராசிரியர்கள் வேண்டும்.

சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தமிழ்ப் படிப்புக்குப் பெயர் பெற்றது. 1945-ல் அடிகளார் அங்கே தமிழ் எம்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32.

எம்.ஏ. முடிந்தது. அதோடு விடவில்லை. எம்.லிட். பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள், சங்கப் பாடல்களில் இயற்கை.

சங்கப் புலவர்கள் மலை, காடு, வயல், கடற்கரை, பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பூ, ஒரு பொழுது, ஒரு மன நிலை என்று பொருத்தினார்கள். காதலர் சேர்வது மலையில். தலைவி காத்திருப்பது காட்டில். இப்படி ஓர் ஏற்பாட்டை அடிகளார் கிரேக்க, லத்தீன் கவிதைகளோடு வைத்துப் பார்த்தார். தமிழின் தனித்தன்மை விளங்கியது. அந்த ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார்.

இதை யார் செய்திருக்க முடியும்? தமிழ் மட்டும் தெரிந்தவரால் முடியாது. லத்தீன் மட்டும் தெரிந்தவராலும் முடியாது. பண்டிதர் கொடுத்த சுவை, பல்கலைக்கழகம் கொடுத்த முறை, ரோமாபுரி கொடுத்த அகலம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் முடிந்தது.

போர்த்துக்கல் நாட்டில் தமிழ்ப் புதையல்

1949 முதல் 1951 வரை அடிகளார் உலகப் பிரயாணம் செய்தார். மலேயா, ஜப்பான், அமெரிக்கா, தென் அமெரிக்க நாடுகள், ஐரோப்பா என்று சுற்றினார். போன இடமெல்லாம் தமிழைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். திரும்பி வந்து, 1952-ல் தமிழ் கல்ச்சர் என்ற ஆங்கிலக் காலாண்டு இதழைத் தொடங்கினார். தமிழ் தெரியாத உலகத்துக்குத் தமிழைச் சொல்ல ஏற்பட்ட இதழ் அது.

அவர் பேசிப் பழகிய மொழிகள் ஒரு நாள் தமிழுக்கே கைம்மாறு செய்தன.

போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில் 1554-ம் ஆண்டு ஒரு சிறு நூல் அச்சாயிற்று. அதில் உள்ள மொழி தமிழ். எழுத்தோ ரோமன் எழுத்து. தமிழ்ச் சொற்கள் அச்சு ஏறிய முதல் நூல் அது. 400 ஆண்டுகளாகத் தமிழர்கள் அறியாமல் கிடந்த அந்த நூலைப் பற்றி, அடிகளார் தமிழ் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

1954-ல் வாத்திக்கன் நூல்நிலையத்தில் இன்னொரு புதையலைக் கண்டார். அது தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி. அந்தேம் தெ புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்தது. 1679-ல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிட்டது. இந்த அகராதியை அடிகளார் 1966-ல் கோலாலம்பூரில் மறுபடியும் பதிப்பித்தார்.

16-ம் நூற்றாண்டில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார், தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறையில் வாழ்ந்தார். அவருக்குத் தமிழ் கற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகம் ஏது? மீனவ மக்களோடு பேசிப் பழகியே கற்றார். அதோடு நிற்காமல், கேட்டதை எல்லாம் ஒழுங்குபடுத்தி, தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணமும் எழுதி வைத்தார். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலை அச்சிட்டவரும் அவரே.

அந்த இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில் இருந்தது. அதைப் பற்றியும் அடிகளார் எழுதினார். 400 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அந்நியர், பேச்சையும் இலக்கணத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்!

பேச்சு போனால் என்ன ஆகும்?

பிரயாணத்தில் அடிகளார் கண்டவை எல்லாம் பெருமைக்கு உரியவை அல்ல. மனத்தை வருத்தும் காட்சிகளும் உண்டு.

அமெரிக்கக் கண்டத்தை ஒட்டி மார்த்தினிக், குவாதலூப் என்று பிரெஞ்சுத் தீவுகள் இருக்கின்றன. 1850-களில் இருந்து, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். மாரியம்மன் வழிபாடு இருக்கிறது. தமிழ்ப் பெயர்கள் சில இருக்கின்றன. ஆனால் தமிழ்ப் பேச்சு இல்லை!

ஏன்? அவர்களுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. தோட்டத்தில் பேசியது வேறு பாஷை. வீட்டில் பாட்டி பேசிய தமிழ் பேரனிடம் தேய்ந்தது. பேரன் பிள்ளையிடம் மறைந்தது. அந்தத் தமிழர்கள் குடியேறிய வரலாற்றை அடிகளார் ஆராய்ந்து எழுதினார்.

மலேயாவிலோ வேறு நிலைமை. அங்கேயும் தமிழர்கள் தோட்ட வேலைக்குத்தான் போனார்கள். ஆனால் ரப்பர் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. தமிழ்ப் பத்திரிகைகள் இருந்தன. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத் துறை என்றே ஒரு துறை இருந்தது. வீடு, பள்ளி, பல்கலைக்கழகம் மூன்றிலும் தமிழுக்கு இடம் கிடைத்தது. தமிழும் நிலைத்தது.

வீட்டில் மட்டும் இருக்கும் மொழி சில தலைமுறையில் தேய்ந்து போகும். ஏட்டில் மட்டும் இருக்கும் மொழி லத்தீன் போலப் பேச ஆள் இல்லாமல் நிற்கும். இந்த இரண்டு உண்மைகளையும் அடிகளார் தம் கண்ணாலேயே பார்த்தார்.

மொழிக்கு வந்த சோதனை

1952 முதல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராக இருந்தார். இடையில் லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து இன்னொரு டாக்டர் பட்டமும் பெற்றார்.

அந்தக் காலத்தில்தான் இலங்கையில் பெரிய சோதனை வந்தது. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். அடிகளாரும் தமிழின் உரிமைக்காக எழுதினார், பேசினார். ஆனால் எந்த மொழியையும் அவர் வெறுத்தவர் அல்ல. அத்தனை மொழிகளை ஆசையோடு கற்றவருக்கு வெறுப்பு எங்கிருந்து வரும்? தம் மொழிக்கு உரிய இடம் வேண்டும் என்பதே அவர் கட்சி.

1961-ல் அவர் கோலாலம்பூர் சென்று, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத் துறைக்குத் தலைவர் ஆனார். தோட்டத்துத் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சி படிக்க வழிகாட்டினார். வீட்டுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் அவர் போட்ட பாலம் அது.

உலகம் கூடியது

1964-ம் ஆண்டு ஜனவரி மாதம் புதுடெல்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு நடந்தது. பல நாட்டுத் தமிழ் அறிஞர்கள் அதற்கு வந்திருந்தார்கள். அடிகளாரும், பேராசிரியர் வ.அய்.சுப்பிரமணியமும் முன்னின்று அவர்களை ஒன்று கூட்டினார்கள். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவர் ஆனார். அடிகளாரும், செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்கள்.

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-ல் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது மாநாடு 1968 ஜனவரியில், அண்ணா முதல்-அமைச்சராக இருந்தபோது சென்னையில் நடந்தது. மெரினா கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் சிலைகள் எழுந்தது அப்போதுதான். சென்னை மாநகரமே திருவிழாக் கோலம் கொண்டது. மூன்றாவது மாநாடு 1970-ல் பாரிஸ் நகரில்.

இந்த மாநாடுகளிலும் அந்த இரண்டு பாதிகளைக் காணலாம். உள்ளே அறிஞர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகள். சென்னையிலோ வெளியே லட்சக்கணக்கான பொதுமக்களின் கூட்டம். அறிஞர் பேசியது ஏடு. மக்கள் பேசியது பேச்சு. இரண்டும் ஒரே ஊரில் கூடின.

நான்காவது மாநாடு 1974 ஜனவரியில், அடிகளார் பிறந்த மண்ணான யாழ்ப்பாணத்தில் நடந்தது. கடைசி நாளான 10-ந் தேதி பொதுக்கூட்டத்தில் போலீசார் தலையிட்டார்கள். குழப்பத்தில் மின்சாரக் கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது உயிர்கள் பலியாயின. தமிழைக் கேட்க வந்த கூட்டம் அழுதுகொண்டு கலைந்தது.

விட்டுச் சென்ற பாடம்

1980-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி தனிநாயக அடிகள் காலமானார். அப்போது அவருக்கு வயது 67.

அவர் தொடங்கிய தமிழ் கல்ச்சர் இதழ்கள் நூல்நிலையங்களில் இருக்கின்றன. அவர் வித்திட்ட உலகத் தமிழ் மாநாடு, அவர் காலத்துக்குப் பிறகும் பல நகரங்களில் கூடியது.

அவர் விட்டுச் சென்ற இன்னொரு பாடம் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. அதற்குக் காசு செலவு இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அது பாதி உண்மைதான். விதை எது, பருவம் எது என்று ஏடு சொல்லித் தராமல் தோட்டத்துச் சுரைக்காய் நன்றாகக் காய்க்காது. வகுப்பில் படிக்கும் மாணவர், படித்த மொழியைத் தினம் ஒருவரிடமாவது வாய் திறந்து பேச வேண்டும். பிழை வந்தால் வரட்டும். பேசப் பேசப் பிழை தானே ஓடும். பேச்சில் கற்றுக்கொண்டவர், ஒரு நாளைக்கு நான்கு வரியாவது எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். தெரியாததைச் சிறியவரிடம் கேட்கவும் கூச்சப்படக் கூடாது.

ரோமாபுரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர் வடக்கன்குளத்துப் பண்டிதரிடம் பாடம் கேட்டார். 32 வயதில் வகுப்பில் உட்கார்ந்து தாய்மொழி படித்தார். அன்றைக்கு அவர் வெட்கப்பட்டிருந்தால், வாத்திக்கன் நூல்நிலையத்தில் தமிழ் அகராதியைத் தேடிக் கண்டிருக்க மாட்டார்; உலக அறிஞர்களைத் தமிழுக்காக ஒன்று கூட்டியிருக்கவும் மாட்டார்.